கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு எந்தத் தரவு? காரைக்குடி மாணவர்களுக்கு நான்கு வழிகள்

தரவு அறிவியல் படிக்கிறவர்களுக்கு மூன்றாவது செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு வந்து நிற்கிற கேள்வி, புராஜெக்ட்டுக்கு என்ன எடுப்பது என்பது. பேச்சு பெரும்பாலும் மாடலில்தான் ஆரம்பிக்கிறது: ரேண்டம் ஃபாரஸ்டா, ரெஸ்நெட்டா, விஸ்பரா? மாடலை ஒரு ராத்திரியில் மாற்றிவிடலாம். தரவு உதவாது என்பது பிப்ரவரிக் கடைசியில் தெரியவந்தால் அந்த செமஸ்டரே போச்சு. ஏஐ நெறிமுறையும் ஒரு பாடமாக இருந்தால், வைவாவில் முதலில் கேட்கப்படுவதும் தரவைப் பற்றித்தான்: எங்கிருந்து வந்தது, யாரிடம் கேட்டீர்கள், அவர்கள் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் நான்கு வழிகளை இங்கே பார்க்கலாம். இரண்டு பேர் கொண்ட குழு, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நேரம், எட்டு ஜிபி ராம் கொண்ட லேப்டாப், ஜிபியு கிடையாது, பஸ் செலவு உட்படக் கையிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்கில்தான் எல்லாவற்றையும் எடை போட்டிருக்கிறது.

தயார் தரவு: ஜெர்மன் கடன் பட்டியல்

வட்டிக்கும் பேரேட்டுக்கும் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு, 1973 முதல் 1975 வரை ஜெர்மனியில் கடன் வாங்கியவர்களை வைத்து "யாருக்குக் கடன் கொடுக்கலாம்" என்று கணிப்பது வேடிக்கைதான். ஆனாலும் வருஷா வருஷம் நாலைந்து குழுக்களாவது ஜெர்மன் கிரெடிட் என்ற இந்தத் தரவைத்தான் எடுக்கின்றன. காரணம் எளிது: இறக்க ஒரு நிமிஷம், 1000 வரிசை, 20 பண்புகள், விடுபட்ட மதிப்பு எதுவும் இல்லை. சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. 1000 பேரில் 700 பேர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்கள். ஆகவே எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் கடன் கொடு என்று சொல்லும் மாடலுக்கே 70 சதவீதம் துல்லியம் வந்துவிடும். உங்கள் மாடல் 75 எட்டினால் உண்மையில் கூடியது ஐந்துதான். தரவோடு வரும் குறிப்பேட்டில், மோசமானவரை நல்லவர் என்று சொன்னால் 5, நல்லவரை மோசமானவர் என்று சொன்னால் 1 என்று ஒரு இழப்புக் கணக்கும் கொடுத்திருக்கிறார்கள். துல்லியத்தை விட்டுவிட்டு அதைக் கணக்கிட்டால் மாடல்களின் வரிசையே மாறக்கூடும். அந்தக் குறிப்பேட்டைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை, பாலினமும் திருமண நிலையும் சேர்ந்திருக்கும் பத்தி. பழைய குறியீட்டின்படி ஆயிரம் பேரில் மணமாகாத பெண் ஒருவர்கூட இல்லை. அதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2019இல் உல்ரிக்கே க்ரோம்பிங் என்ற புள்ளியியலாளர் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டு, அந்தப் பத்தியின் ஒரு குறியீட்டில் மணமாகாத ஆண்களும், மணமான அல்லது மணமாகிப் பிரிந்த பெண்களும் ஒன்றாகக் கிடப்பதைக் காட்டினார். அதாவது இந்தத் தரவிலிருந்து ஆண், பெண் என்று பிரிக்கவே முடியாது. ஆனாலும் இதை வைத்து "ஆண் பெண் பாகுபாட்டை நீக்கினோம்" என்று எழுதும் ரிப்போர்ட்டுகள் நின்றபாடில்லை. வெளிநாட்டுத் தொழிலாளி என்ற பத்தியை எடுத்தால் ஒரு பக்கம் 963 பேர், மறுபக்கம் 37 பேர். முப்பது சதவீதத்தைச் சோதனைக்கு ஒதுக்கினால் அந்தச் சிறு பிரிவில் பதினோரு பேர் தேறுவார்கள். அதில் இரண்டு பேருக்கு விடை மாறினாலே பிழை விகிதம் 18 புள்ளி நகரும். அங்கே மாடல் எல்லாப் பிரிவினரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா என்று பார்க்கும் எந்த நியாய அளவீட்டைப் போட்டாலும் அது குலுக்கல் சீட்டுதான்.

ஆகவே இந்த வழியை எடுப்பதானால் தரவையே புராஜெக்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பு ஒருபக்கம், க்ரோம்பிங் திருத்திய "சவுத் ஜெர்மன் கிரெடிட்" பதிப்பு மறுபக்கம். அதே மாடல், அதே ராண்டம் சீடு (குலுக்கலைத் திரும்ப அப்படியே வரவைக்கும் எண்), ஃபேர்லேர்ன் என்ற பைத்தான் லைப்ரரியின் அதே நியாய அளவீடுகள். எது எவ்வளவு மாறுகிறது என்று காட்டினால் போதும். ஆறு வாரத்தில் முடியும், கைச்செலவு பூஜ்யம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கும், வீட்டில் நெருக்கடி இருப்பவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

முகம் பார்த்து வருகைப்பதிவு

இதைத் தவிர்க்கச் சொல்வோம். டெமோ அழகாக இருக்கும், அதுதான் இதன் கவர்ச்சி. பெரும்பாலான குழுக்கள் எடுக்கும் பைத்தான் லைப்ரரி டிலிப் என்பதன் மேல் கட்டியது. ஒவ்வொரு முகத்தையும் 128 எண்களாக மாற்றி, இரண்டு முகங்களுக்கு இடையிலான தூரம் 0.6க்குக் குறைவாக இருந்தால் ஒரே ஆள் என்று முடிவுகட்டும். 99.38 சதவீதம் துல்லியம் என்று அதன் பக்கத்தில் போட்டிருப்பது, எல்எஃப்டபிள்யூ என்ற செய்திப் படத் தொகுப்பில் எடுத்த மதிப்பெண். அந்தத் தொகுப்பில் முக்கால்வாசிக்கு மேல் ஆண்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். நம் வகுப்பறையின் நிலவரமே வேறு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்களின் முகம் மதிய வெயிலில் இருட்டாகத்தான் விழும். 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வணிக மென்பொருள்களைச் சோதித்தபோது, பாலினத்தைக் கணிப்பதில் வெளிர் நிற ஆண்களுக்கு 0.8 சதவீதத்தைத் தாண்டாத பிழை, கருநிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை போனது. அது முகத்தை அடையாளம் காணும் சோதனை அல்ல என்றாலும், "லைப்ரரியின் துல்லியம் நமக்கும் பொருந்தும்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர், நாளைக்கு ஐந்து பீரியட் என்றால் 300 பதிவு. நூற்றுக்கு இரண்டு தவறினாலே தினம் ஆறு பேருக்கு வந்திருந்தும் ஆப்சென்ட் விழும். 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடாத இடத்தில் இது விளையாட்டு விஷயம் இல்லை. மறுபக்கம், வராத நண்பனின் போட்டோவைச் செல்போனில் காட்டினால் அவனுக்கு பிரசென்ட் விழும். அதைத் தடுக்க உயிருள்ள முகமா என்று பார்க்கும் சோதனை தனியாக வேண்டும், அது வேறொரு புராஜெக்ட்.

சட்டப்படியும் இடறும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு ஒரு விலக்கு கொடுக்கிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஆளைப் பற்றி முடிவு எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. வருகைப்பதிவு என்பதே ஒவ்வொருவரைப் பற்றியும் எடுக்கும் முடிவுதான். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசத்தைச் சாக்காகச் சொல்லி வைவாவில் தப்பிக்க முடியாது. சம்மதம் வாங்கிவிட்டோம் என்பார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் "எல்லோரும் ஐந்து செல்ஃபி அனுப்புங்க" என்று போட்டால், அனுப்பாதவர் பெயர் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் நடக்கும் கோளாறு இன்னொன்று. முடிந்ததும் போட்டோக்களை அழித்துவிடுவார்கள், 128 எண்களைப் பைத்தான் சேமித்து வைத்திருக்கும் பிக்கிள் ஃபைல் அப்படியே கிடக்கும். அந்த எண்களும் அந்த ஆளின் தரவுதான். கிட்ஹப்பில் ஒருமுறை ஏறிய படத்தை டெலீட் செய்தாலும், அதற்கு முன் சேமித்த பழைய பதிப்பில் (கமிட்) போய் எடுத்துக்கொள்ளலாம்.

கைடு இதையே பிடிவாதமாகச் சொன்னால், வகுப்பை விட்டுவிட்டு எல்எஃப்டபிள்யூ மீது மட்டும் வேலை செய்யலாம். தூர வரம்பை 0.4இலிருந்து 0.7 வரை நகர்த்தி, தவறாக ஏற்பதும் தவறாக மறுப்பதும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று காட்டுங்கள். நேரடி டெமோ மட்டும் இருக்காது.

ஆத்தங்குடிக் கல்

ஆத்தங்குடிக் கல் என்பது கையால் செய்யும் பூப்போட்ட தரை ஓடு. பெரும்பாலான குழுக்களுக்கு நாம் சொல்லும் வழி இதுதான். கேள்வி இப்படி இருக்கட்டும்: பழைய வீட்டின் தரையில் உடைந்துபோன ஒரு கல்லின் படத்தைக் கொடுத்தால், இன்று ஆத்தங்குடிப் பட்டறைகளில் கிடைக்கும் அச்சுகளில் எது அதற்கு நெருக்கம்? வீட்டைச் செப்பனிடுகிறவர்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற விஷயம். இதை வகைப்படுத்தலாகச் செய்யாமல் தேடலாகச் செய்யுங்கள். ஏற்கெனவே பயிற்சி பெற்ற பட மாடல்களான மொபைல்நெட்டோ ரெஸ்நெட்-50யோ ஒவ்வொரு படத்துக்கும் கொடுக்கும் எண் வரிசைகளை ஒப்பிட்டு, முதல் ஐந்து விடைக்குள் சரியான அச்சு வருகிறதா என்று அளந்தால் போதும். முதல் கட்டத்துக்குப் பயிற்சிகூடத் தேவையில்லை.

கல் எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிட்டு வந்தால் தரவு புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பு. அச்சை மெல்ல மேலே தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்கு மேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டி, வெயில். கண்ணாடியை விட்டுப் பிரியும்போது அந்தப் பளபளப்பு வந்துவிடுகிறது. அச்சைத் தூக்கும் வேகத்தில் சாயம் ஓரத்தில் கொஞ்சம் கசியும், ஆகவே ஒரே அச்சின் இரண்டு கல்லும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. மாடல் அந்தக் கசிவைக் கண்டுகொள்ளாமல் வடிவத்தைப் பிடிக்க வேண்டும். நூறு வருஷம் மிதிபட்ட கல்லில் நிறமும் மங்கியிருக்கும்.

எண்ணிக்கை: 25 அச்சு, அச்சுக்கு 30 வெவ்வேறு கல், மொத்தம் 750 படம். இது இரண்டு பேருக்கு நான்கு சனிக்கிழமை வேலை. பட்டறையில் புதுக் கல், வீடுகளில் பழைய கல் என இரண்டும் வேண்டும். சுவரில் பதித்த ஜப்பான், ஐரோப்பியப் பூ ஓடுகளைச் சேர்க்காதீர்கள், அவை வேறு சரக்கு.

படம் எடுக்கும்போது செல்போனைத் தரைக்கு இணையாகப் பிடித்து, ஒரு கல்லின் நான்கு மூலையும் தெரிய எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கல்லின் பளபளப்பில் முற்றத்து வானமே வெள்ளைத் திட்டாக விழும், பாதிப் பூ காணாமல் போய்விடும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது மேகம் போட்ட நேரம் நல்லது. வெயில் ஏறிவிட்டால் ஒருவர் குடையைப் பிடித்து மறைக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் முழுக்கக் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஒரு மூலையில் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிசெய்ய முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். கோணல் படத்தை ஓப்பன்சிவி என்ற லைப்ரரியில் நான்கு மூலையையும் குறித்துச் சதுரமாக்கிவிடலாம். இருக்கும் படங்களையே மாற்றி மாற்றித் தரவைப் பெருக்கும்போது திருப்பலாம், சுழற்றலாம். நிறத்தைக் கலைக்கும் மாற்றத்தை மட்டும் அளவாக வையுங்கள், சில அச்சுகளுக்கு நிறம்தானே வித்தியாசம்.

இந்த வழியில் குழுக்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒரே கல்லை ஐந்து தடவை எடுத்து, மொத்தத்தையும் கலக்கி, 80க்கு 20 என்று பிரிப்பார்கள். அந்த ஐந்தில் நான்கு பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போய்விடும். மாடல் அந்தக் கல்லின் கீறலையும் வெளிச்சத்தையும் நினைவு வைத்துக்கொண்டு 98 சதவீதம் என்று சொல்லும். அப்படி வந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். பிரிக்க வேண்டியது வீட்டு வாரியாக: சோதனைக்கு ஒதுக்கிய வீட்டின் ஒரு படம்கூடப் பயிற்சியில் இருக்கக் கூடாது. சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் லைப்ரரியில் குரூப்கேஃபோல்டு இதற்குத்தான் இருக்கிறது. இதற்காகவே படத்தின் பெயரில் வீட்டு எண், கல் எண், அச்சு எண் மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பிற்பாடு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத முடியாது.

முகம் இல்லையே, இதில் என்ன நெறிமுறை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவர் சொத்து இல்லை. பல புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பொதுவாக இருக்கும், பங்காளிகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், சாவி மட்டும் காவல்காரரிடம். அவர் கதவைத் திறந்துவிடுவது அனுமதி ஆகாது. பங்குதாரர் ஒருவரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியோடு இருக்கட்டும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று குடும்பம் ஊருக்கு வரும் நாட்களில் கேட்டால் ஒரே மூச்சில் எல்லோரிடமும் கேட்டுவிடலாம்.

அடுத்தது இடக்குறி. செல்போன் படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகியிருக்கும். ஓரத்தில் மரத் தூணும் பழைய பீரோவும் விழுந்திருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் என்ன இருக்கிறது, வீடு எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்து, தரவைப் பகிரும் காகிள் தளத்தில் ஏற்றினால் திருடனுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்த மாதிரி. பழம்பொருளுக்குக் காரைக்குடியிலேயே கடைத்தெரு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கேமராவில் இடக்குறியை அணைத்துவிட்டு, கல்லைத் தவிர மற்றதை வெட்டி எறிந்து, வீட்டுப் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். எண்ணுக்கும் வீட்டுக்குமான அட்டவணை கைடிடம் மட்டும் இருக்கட்டும்.

பட்டறைக்காரருக்கு வேறொரு கவலை: அவர் அச்சின் தெளிவான படம் வெளியே போனால், யாராவது அதைப் பார்த்து மெஷினில் அச்சடித்துப் போலி ஓடு செய்துவிடலாம். ஆகவே மூலப் படங்களை வெளியிடாமல், எண் வரிசைகளையும் சிறிதாக்கிய படங்களையும் மட்டும் வெளியிடுவது நல்லது. அவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போடுங்கள். கல் வார்க்கிறவரின் கையோ முகமோ விழுந்த படத்தை அவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஊர்ப் பேச்சு

பேச்சை எழுத்தாக்கும் மாடல்கள் நம் பக்கத்து ஆச்சிகளின் பேச்சை எவ்வளவு புரிந்துகொள்கின்றன? நான்கில் ஆழமான கேள்வி இதுதான், நேரத்தை விழுங்குவதும் இதுதான். ஒரு மணி நேரப் பேச்சைப் பிழையில்லாமல் எழுத, பழக்கமில்லாதவருக்கு ஆறேழு மணி நேரமாவது பிடிக்கும். ஐந்து மணி நேரம் சேகரித்து, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலைப் பயிற்றுவிக்கிறோம் என்று கிளம்பும் குழு, மார்ச் மாதம் முழுக்க ஹெட்போனோடுதான் இருக்கும். பயிற்சியை மறந்துவிட்டு அளவிடுதல் மட்டும் செய்யுங்கள். 12 பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம், மொத்தம் ஒரு மணி நேரம். விஸ்பர் ஒருபக்கம், ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் வெளியிட்ட தமிழ் மாடல் மறுபக்கம். ஒலி 16 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் ஃபைலாக இருக்க வேண்டும். செல்போன் ரெக்கார்டர் வேறு வடிவில் கொடுக்கும், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

எழுதத் தொடங்குமுன் ஒரு விதி வேண்டும். "அவுக வந்தாக" என்று பேசினால் அப்படியே எழுதுவதா, "அவர்கள் வந்தார்கள்" என்று எழுதுவதா? எதுவானாலும் இருவரும் ஒன்றையே பின்பற்ற வேண்டும். பதினைந்து நிமிஷத்தை இருவரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டால், மனிதர்களுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்று தெரியும். மாடலின் பிழையை அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேச முடியும். தமிழில் சொற்கள் ஒட்டி வருவதால் சொல் பிழை விகிதம் பயமுறுத்தும், எழுத்துப் பிழை விகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்பிடுமுன் எழுத்தைச் சீராக்க விஸ்பரோடு வரும் பொது நார்மலைசரை மட்டும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் குப்பை என்று நினைத்து எடுத்துவிட்டு இடைவெளி போட்டுவிடும், பிறகு வரும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. பதிவில் நீண்ட மௌனம் இருந்தால் யாரும் பேசாத வாக்கியத்தையும் விஸ்பர் எழுதும், ஆகவே மௌனத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் காரைக்குடியில் ஒலிபெருக்கி ஓயாது. அதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். டிவி, ஃபேன் இரண்டும் அணைந்திருக்கட்டும்.

பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் பங்காளிச் சண்டை, சொத்து, யார் வீட்டுப் பெண் என்று எல்லாம் வரும். மூன்றாம் ஆளைப் பற்றி வந்த பகுதியை வெட்டிவிட வேண்டும். சமையல், பண்டிகை என்று தலைப்பு கொடுத்துப் பேச வைத்தால் இது குறையும். சம்மதத்தை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் கேட்டுப் பெறும் வசதி இருக்க வேண்டும் என்கிறது சட்டம், ஆகவே தமிழில்தான் படிவம்: என்ன பதிவு, எதற்கு, யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது. படிக்க இயலாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் "சரி" என்பதையே தனியாகப் பதிவு செய்யலாம். சில நொடிக் குரலிலிருந்தே போலிக் குரல் செய்ய முடிகிற காலம் இது, ஆகவே மூல ஒலியை எங்கேயும் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் பேசியவர் எண் இருந்தால், அவர் பின்வாங்கினால் அன்றைக்கே எடுத்துவிடலாம். மாடலைப் பயிற்றுவித்திருந்தால் எடுக்க முடியாது. அளவிடுதலோடு நிறுத்தச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

கணினியும் கால அட்டவணையும்

லேப்டாப் வாங்கக் கடன் வாங்காதீர்கள். காகிளில் போன் எண்ணைச் சரிபார்த்தால் வாரம் 30 மணி நேர அளவில் ஜிபியு இலவசம், கல்லுக்கும் பேச்சுக்கும் அது தாராளம். கூகுளின் கோலாப்பும் இலவசம்தான், ஆனால் நடுவில் அறுந்துபோகும், அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாடலை டிரைவில் சேமிக்கும்படி எழுதுங்கள். ஆயிரம் படத்தை டிரைவிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தால் ஆமை வேகம்தான். ஒரே ஜிப்பாக ஏற்றி, கோலாப்புக்குள் கொண்டுவந்து விரித்துக்கொள்ளுங்கள். ஏற்றுமுன் படங்களை 512 பிக்சலுக்குச் சுருக்கினால் ஹாஸ்டல் வைஃபையே போதும்.

எந்த வழி என்பதைப் பொங்கலுக்கு முன் முடிவு செய்ய வேண்டியதில்லை. பொங்கல் விடுமுறையில் இரண்டு வீட்டிலும் ஒரு பட்டறையிலும் கேட்டுப் பாருங்கள். ஜனவரி முடிவதற்குள் மூன்றில் இரண்டு அனுமதியாவது எழுத்தில் வந்தால் கல். தாத்தா பாட்டியோடு ஊரில் இருப்பவர், எழுதும் பொறுமை உள்ளவர் என்றால் பேச்சு. பிப்ரவரி முதல் வாரத்திலும் ஒன்றும் கையில் இல்லையென்றால் அலைவதை நிறுத்திவிட்டு ஜெர்மன் பட்டியலின் இரண்டு பதிப்பையும் இறக்குங்கள். முதல் ரிவ்யூவுக்கு 70 சதவீத அடிப்படைக் கோட்டையும், 37 பேர் கணக்கையும், மணமாகாத பெண் இல்லாத அந்தப் பத்தியையும் ஒரே ஸ்லைடில் காட்டினால் கைடு சம்மதித்துவிடுவார்.